விமர்சகன் படிக்காத நூலைப் பொலிஸ் படிக்கும்

கவிதைத் தொகுதியொன்றைப் பற்றி அண்மையில் இரண்டு பக்கக் குறிப்பொன்று எழுதினேன். அதிலுள்ள அறுபது கவிதைகளில் பத்து நல்ல கவிதைகள் என்றும், ஏனையவை மேடையில் கைதட்டல் பெறுமே தவிரத் தாளில் நிற்க மாட்டா என்றும் சொல்லியிருந்தேன். அந்தப் பத்தையும் தலைப்புச் சொல்லிப் பாராட்டியும் இருந்தேன். இதழ் வெளிவந்த மூன்றாம் நாள், மஃரிபுக்குப் பிறகு தொலைபேசி ஒலித்தது. பேசியவர் கவிஞரல்லர், அவருக்கு வேண்டிய மூத்த எழுத்தாளர் ஒருவர். ஸலாம் சொன்ன கையோடு கேட்டார்.

"என்ன தம்பி, நம்மட ஆளையே இப்பிடிப் போட்டுத் தாக்கியிருக்கீங்க? நம்மட ஆக்கள நாமளே குறை சொன்னா மத்தவன் என்னெண்டு மதிப்பான்?"

"நான் எழுதினதில எது பிழை காக்கா?"

"பிழையெண்டு சொல்லல்ல. அத எழுதியிருக்கத் தேவல்ல."

எமது இலக்கிய உலகின் நோய் முழுவதும் இந்தக் கடைசி வசனத்தில் அடங்கிவிடுகிறது. சொன்னது உண்மையா, பொய்யா என்பது எம்மவருக்குப் பொருட்டாக இல்லை. சொன்னவன் யார், எந்த ஊர், யாருடைய ஆள், முன்னர் எப்போதாவது மனத்தாங்கல் உண்டா என்பவையே ஆராயப்படுகின்றன. முடிவில் 'காழ்ப்புணர்ச்சி' என்ற ஒரு சொல்லால் கணக்கு முடிக்கப்படுகிறது.

எமது நூல் வெளியீட்டு விழாக்களை எண்ணிப் பாருங்கள். முதற் பிரதி பெறும் புரவலர் நூலைப் படித்திருக்க நியாயமில்லை, அவரை மன்னிக்கலாம். நயவுரை நிகழ்த்த வருபவருக்கோ முதல் நாள் இரவுதான் நூல் கையில் கிடைத்திருக்கும். அணிந்துரையை ஒரு தடவை புரட்டிவிட்டு, நூலாசிரியரின் குடும்பப் பெருமையில் தொடங்கி, சமூகத்துக்கு அவர் ஆற்றிய சேவையில் முடிப்பார். பொன்னாடை, புகைப்படம், ஏற்புரை, சிற்றுண்டி. மறுவாரம் ஞாயிறு பத்திரிகையில் செய்தி. அச்சிட்ட ஐந்நூறு பிரதிகளில் முந்நூறு கட்டிலுக்கடியில். ஒரு வாசகனாவது அந்த நூலோடு சண்டை பிடித்தானா? இல்லை. இதைத்தான் நாம் வரவேற்பு என்கிறோம்.

'மத்தவன் என்னெண்டு மதிப்பான்' என்று காக்கா கேட்டாரல்லவா? மற்றவன் எப்படி மதிப்பான் என்பதை 2020இல் நாம் கண்டோம். மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் அவ்வாண்டு மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். 2017இல் வெளிவந்த அவரது 'நவரசம்' கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. வன்முறைக்கு எதிரான கவிதைகளும் இருந்த தொகுதி அது. சுமார் பத்தொன்பது மாதங்கள் அடைபட்டிருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அந்தக் கைதுச் செய்தியைக் கேட்ட அன்று எம்மில் எத்தனை பேர் 'நவரசம்' படித்திருந்தோம்? நான் படித்திருக்கவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். விமர்சனம் ஒருவரைச் சிறையிலிருந்து காப்பாற்றிவிடும் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சட்டத்தின் கொடுமை வேறு, அதற்கு எதிரான போராட்டம் வேறு. ஆயினும் ஒரு கவிதையை வரிவரியாகப் படித்து, இது உருவகம், இது அங்கதம், இந்த இடத்தில் கவிஞர் சறுக்கியிருக்கிறார், இந்த இடத்தில் உயர்ந்திருக்கிறார் என்று எழுதிவைக்கும் பழக்கம் உள்ள சமூகத்திடம், அந்தக் கவிதை தவறாக வாசிக்கப்படும் நாளில் எடுத்துக் காட்ட ஏதாவது இருக்கும். 'அருமை, அற்புதம்' என்று எல்லா நூலுக்கும் ஒரே சான்றிதழ் வழங்கிய சமூகத்தின் சாட்சியத்தை யார் நம்புவார்? நாம் படிக்காமல் புகழ்ந்த நூலை அவர்கள் படிக்கத் தெரியாமல் பழித்தார்கள்.

விமர்சனம் எமக்கு அந்நியமானது என்பதும் பொய். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது ஷாஃபிஈ மத்ஹபை. இமாம் ஷாஃபிஈ, தாம் பாடம் கேட்ட இமாம் மாலிக்கோடு பல விடயங்களில் முரண்பட்டார். எகிப்துக்குச் சென்றபின் தமது சொந்தத் தீர்ப்புகள் பலவற்றையே மாற்றினார். கௌல் கதீம், கௌல் ஜதீத் என்று பழையதும் புதியதும் இன்றுவரை மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படுகின்றன. அவருடைய மாணவர் முஸனீயும் சில இடங்களில் ஆசிரியரோடு உடன்படவில்லை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களின் குறைநிறைகளை எடைபோடுவதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அலீ இப்னுல் மதீனீ தம் தந்தையையே பலவீனமான அறிவிப்பாளர் என்று சொன்னதாகப் பதிவிருக்கிறது. இத்தகைய மரபிலிருந்து வந்தவர்கள், ஒரு புதுக்கவிதை நன்றாக இல்லை என்றதும் ஸலாத்தை நிறுத்திக்கொள்கிறோம்!

இனி என் சங்கதி. பல வருடங்களுக்கு முன் என் சிறுகதையொன்றில் வரும் உம்மா, மகளின் கஷ்டத்தைப் பேசும்போதெல்லாம் பத்திரிகை ஆசிரிய தலையங்கம் போலப் பேசுகிறாள் என்று ஒருவர் எழுதினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆறு மாதம் அவரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பினேன். தொகுதியாக்குவதற்காக அந்தக் கதையை மீண்டும் எடுத்துப் படித்த அன்றுதான் தெரிந்தது, அவர் சொன்னது சரியென்று. உம்மாவின் பேச்சை முழுவதும் மாற்றினேன். இன்றும் யாராவது அந்தக் கதையைப் பாராட்டினால், அந்தப் பாராட்டில் பாதி அவருக்குரியது. அதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு வருடம் எடுத்தது.

விமர்சகர்கள் எல்லோரும் மலாயிக்கத்துகள் என்று நான் வாதாடவில்லை. பிரதியை விட்டுவிட்டு ஆளின் வீட்டுக் கதையைக் கிண்டுபவர் உண்டு. கிழக்கார், தெற்கார், மலைநாட்டார் என்று ஊர்ப் பார்த்து எழுதுபவரும் உண்டு. அத்தகையவருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் இன்ன பக்கத்தில் இன்ன வரி என்று சுட்டிக்காட்டி ஒருவர் குறை சொன்னால், அவர் எம் நூலைப் பணமும் நேரமும் செலவழித்துப் படித்திருக்கிறார் என்று பொருள். அவர் பகைவராகவே இருக்கட்டும்; அந்த வரி பிழையா, இல்லையா? பிழையென்றால் அடுத்த பதிப்பில் திருத்துவோம். பிழையில்லையென்றால், அவர் எழுதிய அதே இதழில் பெயர் போட்டு மறுத்து எழுதுவோம். தகவற் பிழைக்கு மறுப்பு அவசியம். ரசனை வேறுபாட்டுக்கு மௌனம் போதும். இதில் இடையாள் அனுப்புவதற்கு எங்கே இடமிருக்கிறது?

இதழாசிரியர்களுக்கும் ஒரு சொல். பிரசுரத்துக்கு வரும் விமர்சனத்தின் கூர்மையைக் கத்தரித்துவிட்டு, நட்பைக் காப்பாற்றியதாக எண்ணாதீர்கள். வெளியீட்டு விழா வைப்பவர்கள், நூலை ஒரு மாதத்துக்கு முன்பே ஒருவரிடம் கொடுத்து, குறையும் சொல்லலாம் என்ற அனுமதியோடு மேடையில் ஏற்றுங்கள்.

காக்காவிடமும் ஒரு வேண்டுகோள். என் குறிப்பில் விட்டுப்போன நல்ல கவிதை ஏதும் அந்தத் தொகுதியில் இருந்தால், அதைக் காட்டி என்னை மறுத்து எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. எழுத்தில் தந்தால் கவிஞருக்கும் பயன்படும், எனக்கும் பாடமாகும்.