செவியும் ஓர் அமானிதம்: ஒயர் ஹெட்செட்டுக்காக ஒரு வழக்கு



அம்பத்தூர் இரயில் நிலைய நடைமேடையில் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். நம் சமுதாயத்தைச் சேர்ந்த மூவரை நிச்சயம் காண்பீர்கள். ஒருவர் கைபேசியின் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துப் பயான் கேட்டுக்கொண்டிருப்பார். இன்னொருவர் இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு, மேம்பாலம் இருக்க, தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து வருவார். மூன்றாமவர் காதில் ஒயரில்லாத புத்தம்புதிய இயர்பட்ஸ் மின்னும்; அதற்கான தவணை இன்னும் முடிந்திருக்காது.

முதலாமவர் பிறருடைய உரிமையைப் பறிக்கிறார். இரண்டாமவர் தம் உயிரோடு விளையாடுகிறார். மூன்றாமவர் தம் பொருளையும், பல வேளைகளில் தம் மார்க்கத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார். மூவருக்குமே சில நூறு ரூபாய் விலையுள்ள ஓர் ஒயர் ஹெட்செட்டும், அதை எப்போது கழற்றி வைக்க வேண்டும் என்ற அறிவும் இருந்தால் போதும். இதைச் சொன்னால் நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"ஒயர் என்பது ஏழையின் அடையாளம்"

இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் உள்ளே இருப்பது இதுதான். 2016இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் 7 மாடலில் ஹெட்செட் துளையை நீக்கியது. பிற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. துளையை எடுத்த அதே நிறுவனங்களே ஒயரில்லாக் கருவியையும் விற்றன என்பதைக் கவனியுங்கள். நமக்கு இல்லாத ஒரு தேவையை உண்டாக்கிவிட்டு, அதற்கு மருந்தையும் அவர்களே விற்கிறார்கள். அதை நாம் கௌரவம் என்று வாங்கி அணிகிறோம்.

ஒயரில்லா இயர்பட்ஸ் ஒவ்வொன்றினுள்ளும் மிகச் சிறிய லித்தியம் மின்கலம் இருக்கிறது. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏற்றும்போதும் அது சற்றே தேய்கிறது. சில ஆண்டுகளில் ஒரு மணி நேரம் பேசுவதற்குள் அணைந்துவிடும். பெரும்பாலானவற்றில் மின்கலத்தை மட்டும் மாற்ற வழியில்லை. முழுவதையும் குப்பையில் போட வேண்டியதுதான். ஒயர் ஹெட்செட்டுக்கு மின்கலமே கிடையாது. சார்ஜ் தீர்ந்துவிட்டதே என்ற கவலையும் இல்லை. வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்று இறைமறை எச்சரிப்பதைத் திருமண விருந்துகளுக்கு மட்டுமே பொருத்திப் பேசிப் பழகிவிட்டோம். நம் சட்டைப் பைக்கும் அது பொருந்தும்.

"வட்டியில்லாத் தவணைதானே, அத்தா!"

என் சகோதரியின் மகன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறான். சம்பளம் கைக்கு வந்த முதல் மாதமே நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு இயர்பட்ஸ் வாங்கினான். ஆறு தவணைகள். மூன்றாம் மாதம் பட்டரவாக்கத்தில் நெரிசலில் இறங்கும்போது வலக்காதில் இருந்தது கழன்று விழுந்து போயிற்று. எஞ்சிய மூன்று தவணைகளையும் ஒற்றைக் காதோடு கட்டி முடித்தான். கேட்டால், "வட்டி இல்லை மாமா" என்றான்.

வட்டி இல்லையா? இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பூஜ்ஜிய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்பதும், கிரெடிட் கார்டு தவணைத் திட்டங்களில் வட்டியானது செயல்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வசூலிக்கப்படுகிறது என்பதும் அதன் சாரம். இதைச் சொன்னது ஓர் ஆலிம் அல்லர். வட்டியையே தொழிலாகக் கொண்ட வங்கிகளின் தலைமை வங்கி. ரொக்கமாக வாங்குபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காமல் போகும் இடத்தில், அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்று ஒரு நிமிடம் சிந்தியுங்கள். வீட்டுக் கடனில் வட்டி கூடாது என்று வாடகை வீட்டிலேயே காலம் கழிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் காதில் மாட்டும் ஒரு கருவிக்காக அந்தக் கதவைத் திறந்துவிடலாமா?

"ஒயர் என்றால் கதிர்வீச்சு இல்லை" என்ற பொய்ப் பெருமை

என் கட்சிக்காரர்களையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஒயரில்லாக் கருவி மூளையை உருக்கிவிடும் என்ற வாட்ஸ்அப் செய்தி நம் குழுக்களில் சுற்றுகிறது. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். உண்மை என்ன? புளூடூத் கருவியின் அலைவரிசை ஆற்றல் சில மில்லிவாட் அளவே. டவருடன் பேசும் கைபேசியின் ஆற்றல் அதைவிடப் பல மடங்கு. ஆகவே கைபேசியைத் தலையோடு ஒட்டி வைக்காமல் பேசுவதற்கு ஒயர், ஒயரில்லாதது இரண்டுமே உதவும்.

இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகளில் உடல் ஈர்க்கும் அலை ஆற்றலின் வரம்பு, ஒரு கிராம் திசுவின் சராசரியில், கிலோவுக்கு 1.6 வாட் என்று 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பெரும்பாலான கைபேசிகளில் *#07# என்று அழுத்தினால் அந்த அளவு திரையில் தெரியும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், பூச்சாண்டி காட்டாதீர்கள். நல்ல வாதத்திற்குப் பொய் துணை தேவையில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ கைபேசிக் கடைக்குச் சென்றால், அட்டையில் எழுதியிருக்கும் "எக்ஸ்ட்ரா பேஸ்" என்ற சொல்லைத்தான் முதலில் காட்டுவார்கள். அது உங்களுக்குத் தேவையில்லை. பழைய முறைத் தொலைபேசி உரையாடலில் கடத்தப்படும் ஒலி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். இன்றைய 4ஜி அழைப்புகளில் அது ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரை விரிந்திருக்கிறது. ரியாத்திலிருந்து கணவர் பேசுவதைக் கேட்கவும், மகள் மதரஸா பாடத்தைக் கேட்கவும் அடிவயிற்றை அதிரவைக்கும் ஓசை எதற்கு? தெளிவான குரல் போதும்.

முதலில் உங்கள் கைபேசியில் எந்தத் துளை இருக்கிறது என்று பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் உருண்டைத் துளையா, டைப்-சியா? உருண்டைப் பின் என்றால் அதிலுள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் இருந்தால் மைக் உண்டு. இரண்டே இருந்தால் கேட்க மட்டுமே முடியும், பேச முடியாது. பின்னைச் செருகியதும் பேசுபவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்து, மைக் பொத்தானை அழுத்தும்போது மட்டும் சரியானால், இணைப்பு முறை உங்கள் கைபேசியுடன் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதை வாங்காதீர்கள். டைப்-சி என்றால் இன்னும் கவனம் தேவை. சிலவற்றில் ஒலியை மாற்றித் தரும் சில்லு உள்ளேயே இருக்கும்; சிலவற்றில் இருக்காது. சில்லு இல்லாதது எல்லாக் கைபேசியிலும் வேலை செய்யாது. ஆகவே கடைக்காரருடைய கைபேசியில் அல்ல, உங்கள் கைபேசியிலேயே செருகிப் பாருங்கள்.

அடுத்து, கடை வாசலில் வாகன இரைச்சலுக்கு நடுவே நின்று வீட்டுக்கு ஓர் அழைப்பு விடுங்கள். நீங்கள் கேட்பது தெளிவாக இருக்கிறதா என்பதைவிட, நீங்கள் பேசுவது உம்மாவுக்குக் கேட்கிறதா என்பதே முக்கியம். மைக் நெஞ்சுக்குக் கீழே தொங்கினால் சட்டையில் உரசும் ஓசைதான் போய்ச் சேரும். பின்னும் ஒயரும் சேரும் கழுத்துப் பகுதியைப் பாருங்கள். ஒயர் ஹெட்செட் பெரும்பாலும் அங்கேதான் அறுந்து உயிர்விடும். அவ்விடத்தில் வளைந்துகொடுக்கும் ரப்பர் உறை இருப்பது நல்லது. வாங்கிய பின் அதைக் கைபேசியைச் சுற்றி இறுக்கிச் சுருட்டாதீர்கள். கழற்றும்போது ஒயரை இழுக்காமல் பின்னைப் பிடித்து இழுங்கள்.

காதுத் துவாரத்தை அடைக்கும் ரப்பர் முனை வெளிச் சத்தத்தைக் குறைக்கும். அதனால் குறைந்த வால்யூமிலேயே கேட்கலாம். வீட்டுக்கும் ஓடும் இரயிலின் உள்ளே அமர்ந்திருக்கும்போதும் இது நல்லது. காதின் வெளிமடலில் மட்டும் அமரும் வகையில் வெளிச் சத்தமும் கேட்கும். ஆனால் இரைச்சலில் நாம் அறியாமலே வால்யூமைக் கூட்டிவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகோலை மனத்தில் கொள்ளுங்கள்: 80 டெசிபல் என்றால் வாரத்திற்கு 40 மணி நேரம் வரை, 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். பத்தே டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. வால்யூமை அறுபது சதவீதத்திற்குக் கீழே வையுங்கள் என்பதும் அவர்களின் அறிவுரை. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. செவி, பார்வை, உள்ளம் ஆகிய மூன்றும் விசாரிக்கப்படும் என்று இஸ்ரா அத்தியாயம் எச்சரிக்கிறது. செவியைப் பற்றிய விசாரணை, எதைக் கேட்டாய் என்பதோடு மட்டும் முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை

சில மாதங்களுக்கு முன் நகரின் ஒரு கடைத்தெருவில், பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரையோடு நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ஹெட்செட் வாங்கினேன். பதினைந்தே நாளில் இடக்காது ஊமையாயிற்று. திரும்பிப் போனேன். தொப்பியணிந்த அந்தச் சகோதரர் சலனமே இல்லாமல், "பாய், அந்த விலைக்கு ஒரிஜினலா வரும்?" என்றார். விற்கும்போது அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவரிடம் பதிலில்லை.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததும் நாம் அனைவரும் ஜும்ஆவில் கேட்டு வளர்ந்த செய்திதானே? பெயரில்லாத மலிவுச் சரக்கைப் பெயரில்லாததாகவே விற்பதில் தவறில்லை. வாங்குபவன் அறிந்து வாங்குகிறான். பிறர் முத்திரையை ஒட்டி விற்பதுதான் உள்ளே இருக்கும் ஈரம். கைபேசித் துணைக்கருவி வியாபாரத்தில் நம்மவர்கள் கணிசமாக இருக்கிறோம். ஆகவே இந்தப் பழியிலும் நமக்குப் பங்கு உண்டு.

கழற்றி வைக்க வேண்டிய இடங்கள்

இதுவரை சொன்னவற்றை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று செல்லும் நம் வழித்தடத்தில் புறநகர் மின்தொடர்கள் மட்டும் ஓடவில்லை. கோவைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் செல்லும் விரைவு வண்டிகளும் இங்கே நிற்காமல் பாய்கின்றன. 2022 நவம்பரில் தொடங்கிய சென்னை - மைசூரு வந்தே பாரத்தும் இவ்வழியே செல்கிறது. ஒரு வண்டி கடந்துபோகும் ஓசையில் எதிர்ப்பாதையில் வரும் வண்டியின் ஓசை மறைந்துவிடும். அப்போது உயிர்காக்க எஞ்சியிருப்பது ஹாரன் ஒலி ஒன்றே. அதையும் அடைத்துக்கொண்டு நடப்பவரை யார் காப்பாற்றுவது? ஓட்டுநர் பார்த்துவிட்டாலும் அவ்வளவு எடையுள்ள வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. தண்டவாளத்தைக் கடப்பது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். ஆனால் அபராதத்தை அஞ்ச வேண்டாம். வீட்டில் காத்திருக்கும் உம்மாவை எண்ணிப் பாருங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இருசக்கர வாகனம் ஓட்டுபவருக்கும் இதே சொல்தான். கைபேசியைக் கையில் பிடித்துப் பேசியபடி ஓட்டுவதை, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அபாயகரமாக ஓட்டும் குற்றங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. "கையில் பிடிக்கவில்லையே, காதில்தானே இருக்கிறது" என்று சட்டத்தோடு வழக்காடலாம். பின்னால் வரும் லாரியோடு வழக்காட முடியாது. அழைப்பு வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

இனி அந்த முதலாமவர், ஸ்பீக்கரில் பயான் வைப்பவர். நல்லதைத்தானே கேட்கிறேன் என்பது அவர் வாதம். பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, ஒருவர் ஓதுவது இன்னொருவருக்கு இடைஞ்சலாக வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூ தாவூதில் காண்கிறோம். பள்ளிவாசலுக்குள், குர்ஆன் ஓதுவதற்கே அந்த ஒழுங்கு என்றால், இரவு வேலை முடித்துவிட்டுக் கண்ணயரும் தொழிலாளி அமர்ந்திருக்கும் இரயில் பெட்டிக்கு என்ன ஒழுங்கு? அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அந்த உறக்கம் அவருடைய உரிமை. அதைப் பறித்துவிட்டு நாம் கேட்கும் பயான் நம்மைப் பற்றி அவரிடம் என்ன சொல்லும்?

பெற்றோரே! பிள்ளை இயர்பட்ஸ் கேட்டால் மறுத்துவிட்டு மட்டும் வராதீர்கள். உடன் கடைக்குப் போங்கள். வளையங்களை எண்ணிக் காட்டுங்கள், வாசலில் நின்று அழைத்துப் பாருங்கள், ரொக்கமாகக் கொடுத்து வாங்கித் தாருங்கள். தண்டவாளத்தருகே வந்ததும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைக்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முதலில் நாமே கழற்றினால்தான் அவர்கள் கழற்றுவார்கள்.

வல்ல ரஹ்மான் நம் செவிகளையும், நம் வருமானத்தையும், வீடு திரும்பும் வழியில் இருக்கும் நம் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.