"ஓடல்ல" என்றால் பிழை பிள்ளையில்தானா?



போன வாரம் பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் உயர்தர மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், எனக்கு ஐசிடி வராது போல. பாடத்த மாத்திக்கவா?"

பாடசாலைக் கணினியில் ஓடிய அவளுடைய பைதன் புரோகிராம், கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் கொண்டுவந்த புது லெப்டொப்பில் ஓடவில்லை. இரவெல்லாம் பிழை தேடியிருக்கிறாள்.

எங்கள் கணினிகள் விண்டோஸ் 7. அதில் பைதன் 3.8க்கு மேல் போட முடியாது. அதோடு சேரும் 'நம்பை' லைப்ரரியின் கடைசி வரிசை 1.24. அண்ணனுடையதில் இருந்ததோ 2ஆம் வேர்ஷன். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0, பழைய பெயர்கள் பலவற்றை நீக்கிவிட்டது. முடிவிலியைக் குறிக்கும் 'இன்ஃப்' என்பதை அவள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தாள். பழையது அதை ஏற்கும், புதியது ஏற்காது. சிறிய எழுத்தாக மாற்றினோம், இரண்டிலும் ஓடியது. ஓர் எழுத்துக்காக ஒரு பிள்ளை பாடத்தையே விடப் பார்த்தாள்!

பழைய பாடத்திட்டம் படித்த பிள்ளைக்குப் புதிய பாடத்திட்ட வினாத்தாளைக் கொடுத்த கதைதான் இது.

"பழைய வேர்ஷனையே அண்ணனின் லெப்டொப்பிலும் போட்டால் என்ன?" என்று கேட்கலாம். போட்டால், புதியதை நம்பியிருக்கும் அவருடைய வேலை நின்றுவிடும். ஒரு பைதனுக்குள் ஒரு லைப்ரரியின் ஒரு வேர்ஷன்தான் இருக்க முடியும். அதனால்தான் ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் தனி அறை மாதிரி 'வேர்ச்சுவல் என்வயரன்மன்ட்' அமைக்கிறார்கள். 2012இல் வந்த 3.3 முதல் அது பைதனோடு சேர்ந்தே வருகிறது. காசு இல்லை.

ஆசிரிய நண்பர்களே, இதை முதல் மாதமே சொல்லிக் கொடுப்போம். 'பிப் ஃப்ரீஸ்' தரும் வேர்ஷன் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, பைதன் எண்ணையும் அதோடு எழுதிவைக்கப் பழக்குவோம்.

பழைய மாணவர்களே, கணினி திருத்த வரும்போது நல்ல மனதோடு எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டுப் போகிறீர்கள். பழையதையே கட்டிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஆசிரியரிடம் கேட்டு, விடுமுறையில், எல்லாக் கணினியையும் ஒன்றாக மாற்றுங்கள்.

பெற்றோரே, லயத்து வீட்டில் ஒரே லெப்டொப்பை இரவல் வாங்கிப் படிக்கும் பிள்ளை "ஓடல்ல" என்று அழுதால், "உனக்கு ஏலாது" என்று சொல்லிவிடாதீர்கள். "எந்த வேர்ஷன் என்று சேரிடம் கேட்டியா?" என்று கேளுங்கள்.

அவள் பாடத்தை மாற்றவில்லை.