எச்சில் தீனியால் வந்த வினை! 60 லட்சம் கால்நடைகள் பலி

2025 ஜனவரி மாதம். ஜெர்மனியில் பெர்லின் நகருக்கு அருகே மூன்று எருமைகள் செத்தன. பரிசோதித்தால், கோமாரி! அந்த நாட்டில் 1988-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. மார்ச் மாதம் ஹங்கேரியிலும் சுலோவாகியாவிலும் நோய் கண்டது.

உடனே பிரிட்டன் உஷாராயிற்று. ஐரோப்பிய யூனியன் நாடுகளிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ கொண்டுவரக் கூடாது என்று ஏப்ரலில் தடை போட்டது.

ஒரு துண்டு இறைச்சிக்கு இத்தனை கெடுபிடியா? பிரிட்டன் சூடு கண்ட நாடு!

காய்ச்சாத எச்சில்

கோமாரி கண்டால் ஆடு, மாடு, பன்றிகளின் வாயிலும் காலிலும் கொப்புளம் கிளம்பும். மனிதருக்கு ஆபத்து இல்லை. ஆனால் தீப்போலப் பரவும். இறைச்சியிலும் கிருமி இருக்கும். ஆகவே, ஓட்டல் எச்சிலை நன்றாகக் காய்ச்சித்தான் பன்றிக்குப் போட வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் இருந்தது. நோய் என்று சந்தேகம் வந்தாலே அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்.

2001-ல் வட இங்கிலாந்தின் ஒரு பன்றிப் பண்ணையில் இரண்டும் நடக்கவில்லை. (பிறகு கோர்ட்டில் குற்றம் ருசுவாயிற்று.) கிருமி காற்றோடு பக்கத்து ஆட்டுப் பண்ணைக்குப் போயிற்று. ஆடுகள் சந்தைக்குப் போயின. அங்கிருந்து திசைக்கொன்றாகப் பிரிந்தன.

பிப்ரவரி 20-ந் தேதி நோய் உறுதியானது. அதற்குள் குறைந்தது 57 பண்ணைகளில் தொற்றிவிட்டது. கால்நடைகளை ஓட்டிச் செல்லத் தடை வந்ததோ 23-ந் தேதி!

முடிவில் 2,026 இடங்களில் நோய். 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நோயே இல்லை. மே மாதம் வரும் என்று எதிர்பார்த்த பொதுத் தேர்தல்கூட ஜூனில்தான் நடந்தது.

நஷ்டஈடு யாருக்கு?

கொன்ற கால்நடைக்கு சர்க்கார் பணம் கொடுத்தது. ஆனால், நோய் வராமலே தடை வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட பண்ணைக்காரர்? சந்தை போன நஷ்டத்துக்கு அவருக்கு நஷ்டஈடு கிடையாது. தீனிச் செலவு நிற்கவில்லை. கடன்காரனும் நிற்கவில்லை. விதிக்குக் கட்டுப்பட்டுக் கதவை அடைத்தவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தகவல் சொன்னால் தன் பண்ணைக்கு மட்டுமா பூட்டு? அக்கம்பக்கத்துக்கும் பூட்டு. ஆடு ஒன்று நொண்டினால், "நாளைக்குப் பார்ப்போம்" என்றுதானே தோன்றும்? கோமாரிக்கு அந்த ஒரு நாள் போதும்.

எச்சில் தீனியை 2001 மே மாதம் அடியோடு தடை செய்தார்கள். புதிதாகக் கால்நடை வாங்கினால் 20 நாளுக்குப் பண்ணையிலிருந்து எதையும் விற்க அனுப்பக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. பண்ணைக்காரர்கள் கூச்சலிட்டனர். 2003-ல் இங்கிலாந்தில் ஆடு, மாடுகளுக்கு அது 6 நாளாயிற்று. குறைத்தது சரிதான். யாரும் நடக்க முடியாத விதி காகிதத்தில்தான் இருக்கும்.

2007-ல் மறுபடியும் கோமாரி! இந்தத் தடவை பண்ணைக்காரர்கள் மேல் தப்பில்லை. கோமாரிக் கிருமியை ஆராய்கிற, தடுப்பூசி தயாரிக்கிற வளாகத்தில் கழிவுநீர்க் குழாய் ஒழுகியதே காரணமாக இருக்கும் என்று விசாரணையில் தெரிந்தது. குழாயைச் செப்பனிட யார் பணம் கொடுப்பது என்று அங்கே முன்பிருந்தே தகராறாம்!