ஷிராஸ் ரசனையாம், கள் கேவலமாம்

கள் குடிப்பவன் குடிகாரன். வைன் அருந்துபவர் ரசிகர். படித்த தமிழர்களிடம் இந்த நம்பிக்கை சாமி நம்பிக்கையைவிடக் கெட்டியாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் மாப்பிள்ளை பரோசா பள்ளத்தாக்கு ஷிராஸ் வைன் ஒரு பாட்டில் கொண்டுவந்தால், ஆசாரமான காஞ்சிபுரத்து வீட்டில்கூட அது கண்ணாடி அலமாரியில் ஏறிவிடும். வருகிறவர்களுக்கெல்லாம் ஆண்டும் விலையும் சொல்லிக் காட்டுவார்கள். அதே வீட்டுத் தோட்டக்காரர் கள் வாசனையோடு வந்து நின்றால் அன்றோடு வேலை போயிற்று.

போதையை வைத்துப் பேசுவதானால் கணக்கு எளிது. கள்ளில் ஆல்கஹால் பொதுவாக 4 முதல் 6 சதவீதம். ஷிராஸில் 13 முதல் 15. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் 42.8. மூன்றில் எது லேசானதோ அதற்குத்தான் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. மற்ற இரண்டையும் 2003 முதல் அரசு நிறுவனமே கடை திறந்து விற்கிறது. குளிர்சாதன வசதியோடு எலைட் கடைகளும் உண்டு. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன.

‘போதைக்காக இல்லை, ரசனைக்காக’ என்பார்கள். சரி, ரசனையையே எடுத்துக்கொள்வோம். சிரா என்று பிரான்சிலும் ஷிராஸ் என்று ஆஸ்திரேலியாவிலும் அழைக்கப்படும் இந்தக் கருந்திராட்சையின் பெருமையே அதன் மிளகு மணம்தான். கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி ‘மிளகு!’ என்று சொல்லாத ரசிகர் கிடையாது. ரொட்டண்டோன் என்ற வேதிப்பொருள்தான் அந்த மணத்துக்குக் காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் சமையலறை மிளகிலும் இருப்பது அதுவேதான். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, சோதித்த மிக உயர்ந்த அளவிலும், அந்த மணம் தெரியவே இல்லை. ஆனால் ஷிராஸ் விருந்துகளில் ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று சொன்ன ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா?

விலையின் கதையும் இதுதான். அதே 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, விலை தெரியாமல் வைனைச் சுவைத்தவர்களின் 6,000க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய வைனைச் சற்றுக் குறைவாகவே விரும்பியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் கதை வேறு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. சேகரித்து வைக்கும் வைனுக்குச் சுமார் 13 டிகிரிக் குளிரும் இருட்டும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலில், கூடத்து அலமாரியில், குழல்விளக்குக்குக் கீழே நிற்கும் பாட்டில் பழமை ஏறிச் சிறக்காது, வெந்து கெடும்.

அடுத்து வருவது பண்பாடு என்னும் வாதம். இதைக் காஞ்சிபுரத்தில் நின்றுகொண்டு சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், பரிசில் பெறப் போகும் பாணனின் வழியெல்லாம் கள் வருகிறது. வீட்டில் காய்ச்சியது ஓரிடம், கள் அடும் பெண்கள் கலம் கழுவிய சேற்றில் புரளும் பன்றிகள் ஓரிடம். முகம் சுளிக்காமல் பாடிவிட்டுப் போகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகம் நடப்பதே காஞ்சித் தெருக்களில்தான். அதில் போதையேறிய காபாலிகன் மதுக்கடையை யாகசாலையாகவே காண்கிறான்: மது சோமபானம், குடிகாரர்கள் புரோகிதர்கள், கடைக்காரன் யாகத்தின் எஜமானன். பௌத்த பிட்சுவோ, புத்தர் மதுவுக்கு அனுமதி தந்திருப்பார், பொறாமை பிடித்த கிழட்டுத் துறவிகள்தான் அந்தப் பகுதியை மறைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிறான். மன்னன் கிண்டல் செய்தது வேடத்தை. இன்று எழுதியிருந்தால் கோப்பையைச் சுழற்றும் ஒருவருக்கும் அதில் வேடம் கொடுத்திருப்பான்.

இறக்குமதிச் சரக்கின் மோகம் அப்போதும் இருந்தது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகுவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடுகிறார். மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச்சாடிகளை 1945இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தார். ஆனால் அதே புறநானூற்றின் 235ஆம் பாட்டில், கொஞ்சமாகக் கிடைத்த கள்ளையும் தனக்கென வைத்துக்கொள்ளாத அதியமானை நினைத்து ஔவையார் அழுகிறார். கள்ளைச் சொல்ல அவருக்கு வெட்கமில்லை.

‘கள்ளில் கலப்படம் செய்வார்களே’ என்ற கேள்வி நியாயமானது. செய்தார்கள். 1985இல் ஆஸ்திரிய வைனிலும் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைக் கலந்து பிடிபட்டார்கள். அங்கே திராட்சைத் தோட்டங்களை மூடவில்லை, சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த விஷச் சாராயம். அதைக் கள்ளின் கணக்கில் எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கள் போதைப்பொருளே அல்ல, உணவு என்று மேடையில் முழங்குபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அது பனைக்கும் பொருந்தும், பரோசாவுக்கும் பொருந்தும். மதுவே வேண்டாம் என்பவர்கள் அலமாரி ஷிராஸையும் சேர்த்தே வேண்டாம் என்று சொல்லட்டும். விற்கலாம் என்றால், பனையேறிக்கும் ஓர் உரிமத்தையும் ஒரு தரப் பரிசோதனையையும் அரசு கொடுக்கட்டும்.