பள்ளி மணி அடித்த பின்

பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கண்டியில் பாடசாலைகள் கலைகின்றன. சிறிது நேரத்துக்குள் பேராதனை வீதியும் கட்டுகஸ்தோட்டை வீதியும் வெள்ளைச் சீருடைகளால் நிறைந்துவிடும். அப்பிள்ளைகளுள் பலர் வீட்டுக்குச் செல்வதில்லை. நேரே தனியார் வகுப்புக்குச் செல்கின்றனர். சிலரே மைதானத்திலும் சாரணர் அறையிலும் எஞ்சி நிற்பர். பத்தாம் ஆண்டு பிறந்ததும் அச்சிலரும் குறைந்து போகின்றனர். “சாதாரண தரப் பரீட்சை முடியட்டும், இவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று பெற்றோர் கூறிவிடுவதே காரணம். சாதாரண தரம் முடிந்தால் உயர்தரம் வந்து நிற்கும். அந்தப் ‘பிறகு’ பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதேயில்லை.

பெற்றோரின் அச்சம் பொருளற்றது என்று நாம் கூறமாட்டோம். பல்கலைக்கழகத்தின் வாயில் குறுகியது. அதனைத் திறப்பது பரீட்சைப் புள்ளியே. ஆயினும், பிற்பகல்கள் அனைத்தையும் பாடத்துக்கே கொடுத்துவிடும் பிள்ளை எதனை இழக்கின்றது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. வேறெந்த ஊரினும் கண்டியில் அவ்விழப்பு பெரிது என்பதே நமது எண்ணம்.

மலைநாட்டின் பழைய சொத்து

மாணவர் தொண்டு நமது மலைநாட்டுக்கு நேற்று வந்த புதுமையன்று. இலங்கையில் சாரணர் இயக்கம் முதன்முதல் வேரூன்றியது கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளையிலேதான். 1912ஆம் ஆண்டில் அங்குள்ள கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் அதனைத் தொடங்கினார். பெண் சாரணியர் இயக்கமோ கண்டி நகருக்கே உரிய பெருமை. இங்கிலாந்தில் அவ்வியக்கம் தோன்றிய ஏழாம் ஆண்டிலேயே, 1917இல், கண்டி பெண்கள் உயர் பாடசாலையில் இலங்கையின் முதலாவது பெண் சாரணியர் அணி உருவாயிற்று. பெண் பிள்ளைகள் வீட்டு வாயிலைத் தாண்டுவதே அரிதாயிருந்த காலத்தில், நமது நகரத்துச் சிறுமியர் கூடாரம் அடிக்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் கற்றனர் என்றால் அது சிறு செய்தியா?

அதற்கும் முன்னரே, திரித்துவக் கல்லூரியின் அதிபராக 1904 முதல் 1924 வரை விளங்கிய ஏ. ஜி. பிரேசர், வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளையும் நகரத்து ஏழைகளின் குடியிருப்புகளுக்கு அனுப்பி, அவர்தம் வாழ்க்கையை நேரிற் காணச் செய்தார். தான் வாழும் ஊரை அறியாதவன் கற்றவனாகான் என்பது அவர் கொள்கை.

ஒரே கூரை, இரண்டு வகுப்பு

இனி, நமது கருத்தின் உயிர்நிலைக்கு வருவோம். தாய்மொழியிற் கற்பது நம் பிள்ளைகளுக்குப் பெரும் பேறு. அதனை நாம் எக்காலத்தும் விட்டுக்கொடுக்க இயலாது. ஆனால் அப்பேற்றுடன் ஒரு பிரிவும் சேர்ந்தே வந்தது. கண்டியின் பெரிய பாடசாலைகள் சிலவற்றில் சிங்கள வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரே கூரையின்கீழ் நடைபெறுகின்றன. வேறு பல பாடசாலைகளில் ஒரு மொழி மட்டுமே உண்டு. இந்துப் பிள்ளை ஒரு பக்கம், பௌத்தப் பிள்ளை ஒரு பக்கம், முஸ்லிம் பிள்ளை ஒரு பக்கம் என்று பிரிந்து கற்று, ஒரே பேருந்தில் ஏறி, ஒருவரோடொருவர் பேசாமலே வீடு சேர்வதும் உண்டு. இரண்டாம் மொழிப் பாடம் இருக்கவே இருக்கின்றது. எனினும், பக்கத்தில் நிற்பவனோடு பேசவேண்டிய தேவை எழாதபோது, புத்தகத்திற் கற்ற மொழி பரீட்சை முடிந்ததும் மறைந்துவிடும்.

அந்தத் தேவை எழும் இடங்கள் சிலவே. மைதானம் ஒன்று, சாரணர் பாசறை ஒன்று, முதலுதவிப் படை ஒன்று, பாண்டு வாத்தியக் குழு ஒன்று. மழையிற் கூடாரம் சரியும்போது கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருப்பவனிடம் எப்படியாவது பேசித்தானே ஆகவேண்டும்! பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதற் பாசறையில் இருபது சிறுவர்கள் அளவிலேயே இருந்தனர். உயர்குலத்தார் பயிலும் பள்ளிகளின் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் வேண்டுமென்றே ஒன்றாகச் சேர்த்தார். அங்கே வகுப்பு வேற்றுமை. இங்கே மொழி வேற்றுமை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே.

நமது நகரம் ஈன்ற முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்வோம். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் மிதவேகப் பந்துவீச்சாளராகவே ஆடத் தொடங்கினார். பதினான்கு வயதில் அவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 2010இல் ஓய்வு பெற்றபோது, டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகள் என்ற எவரும் எட்டாத எண்ணிக்கையை அத்தமிழ்ப் பிள்ளை எட்டியிருந்தார். எல்லாப் பிள்ளைகளும் முரளிதரன் ஆகிவிடமாட்டார்கள். நாம் சொல்ல வந்ததும் அதுவன்று. பாடம் முடிந்தபின் மைதானத்தில் நின்ற ஓர் ஆசிரியரின் கண், வேற்றுமொழி பேசும் வீட்டுப் பிள்ளையின் திறமையைக் கண்டெடுத்தது. பிற்பகலில் அப்பிள்ளை மைதானத்தில் இல்லாதிருந்தால் அக்கண் எதனைக் கண்டிருக்கும்?

பரீட்சை வைக்காத பாடம்

தொண்டு என்றதும் மாலை மரியாதையும் புகைப்படமும் நினைவுக்கு வருவது இக்காலத்து நோய். உண்மைத் தொண்டு எளியது. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் வாழ்ந்த இடம் அது. நகரத்துப் பிள்ளைகள் அம்மக்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு மண் வெட்டினர். அந்த விடுமுறை வேலையே பின்னர் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவிய சர்வோதய சிரமதான இயக்கமாயிற்று.

கண்டியிலும் வேலைக்குப் பஞ்சமில்லை. 2017இல் நம் நாட்டில் ஓர் இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அந்நுளம்பு முட்டையிலிருந்து வெளிவந்து பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை சிரட்டை, தகரப்பேணி, பழைய டயர், கூரைப் பீலி ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கவிழ்க்கும் பத்துப் பிள்ளைகள் ஓர் ஒழுங்கையையே காத்துவிடலாம். எசல பெரஹரா இரவுகளில் சாரணரும் முதலுதவிப் படையினரும் பெருங்கூட்டத்தினிடையே நின்று பணியாற்றுவதை நம் வாசகர்கள் கண்டிருப்பார்கள். வழி தவறி அழும் குழந்தையிடம் மூன்று மொழிகளிலும் “அம்மா எங்கே?” என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, எந்தச் சான்றிதழும் காட்டாத கல்வியைப் பெற்ற பிள்ளையாகும்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

“நேரம் எங்கே?” என்பீர்கள். வாரத்தில் ஐந்து பிற்பகல்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைக் கேட்கின்றோம். ஒரே பாடத்துக்கு இரண்டு தனியார் வகுப்புகளுக்குச் செல்லும் பிள்ளைகளும் உண்டல்லவா? அவற்றுள் ஒன்றை நிறுத்தினால் குடி மூழ்கிவிடாது.

“பெண் பிள்ளையைப் பொழுது சாயும்வரை வெளியில் விடலாமா?” என்று தாய்மார் கேட்பது நியாயமே. கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், பொறுப்பாசிரியை யார், உடன் வரும் தோழியர் எவர் என்பவற்றைப் பாடசாலையில் நேரிற் கேட்டறியுங்கள். விடை தெளிவாக இருந்தால் அனுப்புங்கள். தெளிவாக இல்லையெனில், தாய்மார் நால்வர் ஒன்றுசேர்ந்து ஒழுங்கு செய்யுமாறு கேளுங்கள். மகளை வீட்டில் இருத்திவிடுவது இறுதி வழியாக இருக்கட்டும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். சீருடையும் காலணியும் பாசறைக் கட்டணமும் ஏழை வீட்டுக்குப் பாரமே. மூத்த பிள்ளைக்குச் சிறிதாகிப்போன சீருடையைத் துவைத்து மடித்துப் பாடசாலைக்குக் கொடுக்கும் வழக்கத்தை நம் வீடுகள் மேற்கொண்டால், அக்குறை பாதி தீரும்.

அதிபர்களுக்கும் நாம் விண்ணப்பிப்பது ஒன்றுண்டு. தெல்தோட்டை, கலஹா, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளையின் பிற்பகல் பேருந்தின் கையில் இருக்கின்றது. அதனைத் தவறவிட்டால் இருளில் மலையேற வேண்டும். மூன்று மணிக்குத் தொடங்கும் எந்தப் பயிற்சியும் அப்பிள்ளைக்கு மூடிய கதவே. திறமையும் ஆர்வமும் இருந்தும் அப்பிள்ளைகள் ஒதுங்கி நிற்பதைக் கண்டு, “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவற்றில் நாட்டமில்லை” என்று கூறுவோர் உளர். நாட்டம் உண்டு, பேருந்துதான் இல்லை. பாடவேளைக்குள் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கினால் அவர்களும் சேர்ந்துகொள்வர். தம் லயத்திலேயே நீர் தேங்கும் இடங்களைத் துப்புரவாக்குவதையும், மாலையில் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதையும் அவர்களது தொண்டாகப் பாடசாலை ஏற்றுக்கொள்ளலாம்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை நாளை வைத்தியராகலாம், ஆசிரியராகலாம், கடை முதலாளியுமாகலாம். எதுவானாலும் அவன் வாழப்போவது பல மொழியும் பல சமயமும் கலந்த இதே ஊரில். அயலவனோடு சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து முடிக்கும் பழக்கத்தை அவன் முப்பது வயதில் புதிதாகக் கற்கப்போவதில்லை. அது பதினைந்து வயதிற் படியவேண்டிய பழக்கம். அடுத்த தவணை பிறக்கும்போது நேரசூசியை எழுதி மேசைக்கு மேல் ஒட்டுவீர்கள். அதில் ஒரு பிற்பகலை வெறுமையாக விட்டு, “இதனை எதற்குக் கொடுக்கப் போகின்றாய், மகனே?” என்று அவனையே கேளுங்கள்.