கேள்வியை வாசிக்கப் பழக்கினோமா?

ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளைகளும் ஐஈஎல்டிஎஸ் கட்டுரையில் புள்ளியைக் கோட்டை விட்டுவிட்டு வருகிறார்கள். விசாரித்தால், கேள்வியை அரைகுறையாக வாசித்திருக்கிறார்கள்.

'பல்கலைக்கழகக் கல்வி இலவசமாக வேண்டும் என்கிறார்கள் சிலர். செலவை மாணவரே ஏற்கட்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் ஆராய்ந்து உங்கள் கருத்தையும் தருக' என்றால் அங்கே வேலை மூன்று. பிள்ளையோ 'இலவசக் கல்வி'யைக் கண்டதும், சாதாரண தரத்துக்குப் பாடமாக்கியதை 250 சொல்லுக்கு இழுத்துவிடுகிறது. இலக்கணம் சுத்தம்தான். ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்னதா என்பதற்கே கால்வாசிப் புள்ளி!

பிள்ளையைக் குறை சொல்லி என்ன? தலைப்பைக் கொடுத்துப் பாடமாக்க வைத்தது ஆசிரியர்களாகிய நாங்கள்தானே. 40 நிமிடத்தில் முதல் ஐந்தைக் கேள்விக்கே கொடுக்கப் பழக்குவோம். கடைசி வரி என்ன கேட்கிறது என்று தமிழில் சொல்லட்டும். சொல்ல வராவிட்டால் பேனையைத் தொட வேண்டாம்.