எந்திரம் கண்ணைப் பார்த்தது, கூலியைப் பார்த்ததா?

சர்க்கரை நோய் சத்தமில்லாமல் கண்ணைத் தின்னும். உழைப்பாளி உணர்வதற்குள் பார்வை பாதி போய்விடும். அந்தக் கேட்டை விழித்திரைப் படத்திலேயே கண்டு சொல்லும் செயற்கை அறிவுக் கருவியை கூகுள் நிறுவனம் செய்தது. வரவேற்கிறோம். கண் மருத்துவர் எட்டிப் பாராத ஊருக்கு எந்திரமாவது வரட்டுமே!

ஆனால் தாய்லாந்தில் நடந்ததென்ன? 2018 இறுதியில் தொடங்கி 11 மருத்துவ நிலையங்களில் இதைச் சோதித்தனர். நிபுணருக்கு நிகரென்று ஆய்வுக்கூடத்தில் பெயரெடுத்த கருவி, முதல் ஆறு மாதத்தில் வந்த 1838 படங்களில் 21 விழுக்காட்டைத் தெளிவில்லையென்று தள்ளிவிட்டது. இருட்டறை வேண்டுமாம்! ஏழையின் மருத்துவ நிலையத்தில் அதற்கு எங்கே போவது?

தள்ளப்பட்டவர்களுக்குக் கிடைத்த விடை, "இன்னொரு நாள் வேறு மருத்துவமனைக்குப் போ." இன்னொரு நாள் என்றால் இன்னொரு நாள் கூலி, வண்டிச் செலவு வேறு. நோய்க்குறி எதுவுமில்லை என்று நர்சுக்குத் தோன்றிய படத்துக்கும் இதே கதிதான். அனுபவத்துக்கு அங்கே வாக்குரிமை இல்லை! வீணாக அலைவானேன் என்று, சோதனையில் சேரவேண்டாமென நோயாளிகளிடம் சொன்ன நர்சுகளும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பின்னர் விதியைத் திருத்தினார்கள்: தெளிவற்ற படத்தைக் கண் நிபுணரே பார்ப்பாராம். முதல் நாளே நர்சைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.